முன்பருவக் காட்சி ஆட்டங்களை வைத்துக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சில வாரங்களில் அணிகள் ஒன்றிரண்டு காட்சி ஆட்டங்களை ஆடுகின்றன. இவற்றின் முடிவு வெற்றி தோல்விக் கணக்கில் சேராது. வீரர்கள் எடுக்கும் புள்ளிகளும் பருவப் புள்ளிவிவரத்தில் ஏறாது. ஆனாலும் பள்ளியிலிருந்து வந்த முதலாண்டு மாணவரையும், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவரையும் வெளியாட்கள் புதிய அணியில் முதன்முதலாகப் பார்ப்பது இங்கேதான்.

புதிதாக இந்த மதிப்பீட்டில் இறங்குபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) முதலில் திறந்து, யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆட்டத்தின் பதிவைப் பார்க்கிறார்கள். ஒருவர் 22 புள்ளி எடுத்தார் என்று தெரிந்துவிட்டால், அவர் செய்வதெல்லாம் சிறப்பாகவே தோன்றும். ஆகவே இந்த வழிகாட்டியில் எண்கள் ஐந்தாம் படியில்தான் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. ஆட்டத்துக்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு வீரரைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்: இவரிடம் எதை எதிர்பார்க்கிறேன், எதில் எனக்கு ஐயம் இருக்கிறது. இப்படி எழுதி வைக்காதவர்கள், ஆட்டம் முடிந்ததும் தாம் கண்டதையே முன்பே எதிர்பார்த்ததாக நம்பிவிடுகிறார்கள். பிறகு எது புதிய செய்தி, எது ஏற்கெனவே தெரிந்த செய்தி என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது.

மாறி வந்த வீரராக இருந்தால், சென்ற பருவத்தில் அவர் ஆடிய நிமிடங்கள், எறிந்த ஷாட்களில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவற்றின் பங்கு, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் விதிமீறலுக்காகத் தடுப்பின்றி எறியும் ஷாட்) விழுக்காடு, டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் எந்த கான்ஃபரன்ஸில் (தம்முள் தொடர்ந்து மோதும் கல்லூரிகளின் குழு) ஆடினார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு முழுப் பருவத்தின் கணக்கு எந்தக் காட்சி ஆட்டத்தையும்விட வலுவான சான்று என்பதால், அதுவே உங்கள் தொடக்கப் புள்ளியாக இருக்க வேண்டும்.

முதலாண்டு மாணவருக்கு இப்படி நேரடியாக ஒப்பிடத்தக்க கணக்கு கிடையாது. பள்ளி ஆட்டம் பொதுவாக 32 நிமிடம். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். பல மாநிலங்களில் பள்ளி ஆட்டத்துக்கு ஷாட் கடிகாரமே இல்லை. கல்லூரியில் 30 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். பள்ளியில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரியில் அது 22 அடி 1¾ அங்குலம். இரண்டேகால் அடிக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு, பள்ளியில் சிறந்த எறியாளராக இருந்த மாணவரின் முதல் சில வாரங்களைக் கடினமாக்கிவிடுவது இயல்பு.

கையில் இருக்க வேண்டிய மற்றவை: இந்த ஆண்டின் சீருடை எண்களுடன் கூடிய வீரர் பட்டியல், காயம் பற்றிய அறிவிப்புகள், நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடிய ஆட்டப் பதிவு. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒருவர் செய்ததை மற்றொருவர் பெயரில் எழுதிவிடுவீர்கள். ஆண்டுதோறும் பாதி அணி மாறும் இக்காலத்தில் இது அடிக்கடி நிகழ்கிறது. அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை 4.30 மணிக்கு வரும். தூக்கக் கலக்கத்தில் நேரலையாகப் பார்ப்பதைவிடப் பகலில் பதிவைப் பார்ப்பதே மேல்.

2. எதிரணியையும் ஆட்டத்தின் தன்மையையும் வகைப்படுத்துங்கள்

எல்லாக் காட்சி ஆட்டமும் ஒன்றல்ல. முதல் டிவிஷன் (கல்லூரி அணிகளின் உயர்மட்டப் பிரிவு) அணி ஒன்று இரண்டாம் அல்லது மூன்றாம் டிவிஷன் கல்லூரியுடன் தன் சொந்த அரங்கில் ஆடுவது வழக்கமான வகை. இரண்டு முதல் டிவிஷன் அணிகள் ஒன்றையொன்று சந்திப்பது மற்றொரு வகை. 2024-25 வரை இவ்வகை ஆட்டத்தை மக்கள் முன்னிலையில் ஆட, பெரும்பாலும் அறக்கொடை நோக்கத்தைக் காட்டிச் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது. 2025-26 முதல் அந்தத் தடை தளர்ந்திருக்கிறது. பார்வையாளர் இன்றி மூடிய அரங்கில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களும் உண்டு. அவற்றிலிருந்து கசியும் எண்களை எந்த மதிப்பீட்டிலும் சேர்க்காதீர்கள். எந்த விதியில், எத்தனை நிமிடம், எந்த நோக்கத்தோடு ஆடினார்கள் என்பதை நாம் சரிபார்க்க முடியாது.

வகைப்படுத்துவது ஏன் முதன்மையானது என்பதற்கு 2023 அக்டோபர் 29 நல்ல சான்று. அன்று மிச்சிகன் ஸ்டேட் அணியை அதன் அரங்கிலேயே டென்னசி 89-88 என்று வென்றது. வடக்குக் கொலராடோவிலிருந்து மாறி வந்திருந்த டால்டன் கெனெக்ட் 28 புள்ளி எடுத்தார். வலிமையான எதிரணி, வெளியூர் அரங்கு, கடைசி வரை இழுபறி என்ற மூன்றும் சேர்ந்திருந்ததால் அந்த 28 புள்ளிக்கு எடை இருந்தது. அந்தப் பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 21.7 புள்ளி எடுத்து, எஸ்இசி கான்ஃபரன்ஸின் சிறந்த வீரராகத் தேர்வானார். இதே 28 புள்ளியை ஒருவர் மூன்றாம் டிவிஷன் அணிக்கு எதிராக, 50 புள்ளி முன்னிலையில் எடுத்திருந்தால் நான் அதில் பாதியைக்கூடக் கணக்கில் கொள்ள மாட்டேன்.

அணியின் முடிவைக் கொண்டு வீரரை அளப்பதும் தவறு. 2009 நவம்பரில் இரண்டாம் டிவிஷன் அணியான லெ மாய்ன், சிரக்யூஸ் அணியைக் காட்சி ஆட்டத்தில் 82-79 என்று வீழ்த்தியது. அதே சிரக்யூஸ் அந்தப் பருவத்தை 30 வெற்றி, 5 தோல்வியோடு முடித்து, பருவ இறுதியில் நடக்கும் தேசியப் போட்டியான என்சிஏஏ போட்டியில் தன் பிராந்தியத்தின் முதல் தரவரிசை அணியாக நுழைந்தது. பயிற்சியாளர்கள் இந்த ஆட்டங்களைப் பரிசோதனைக்காகவே பயன்படுத்துகிறார்கள்: வழக்கமாக மண்டலத் தடுப்பு (ஒவ்வொருவரும் களத்தின் ஒரு பகுதியைக் காப்பது) ஆடும் அணி ஆளுக்கு ஆள் தடுப்பை முயன்று பார்க்கும், நல்ல வீரரை வேண்டுமென்றே வெளியே உட்கார வைப்பார்கள்.

3. முதல் பார்வை: யார், யாருடன், எப்போது

முதல் முறை பார்க்கும்போது ஷாட் விழுந்ததா என்பதைக் குறிக்க வேண்டாம். களத்தில் ஐந்து பேர் யார், யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார், அப்போது புள்ளி வேறுபாடு எவ்வளவு என்பதை மட்டும் எழுதுங்கள். பயிற்சியாளர் நாள்தோறும் பயிற்சியில் கண்டதை நாம் காண முடியாது. அவர் யாரை எப்போது இறக்குகிறார் என்பதே அந்தப் பயிற்சிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேர்மையான தகவல்.

ஆடவர் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே கடிகாரம் இறங்கியதும் வரும் முதல் நிறுத்தத்தில் ஊடக இடைவேளை விடுவார்கள். அதைக் கொண்டு பாதியை ஐந்து பகுதியாகப் பிரித்துக்கொண்டால் குறிப்பெடுப்பது எளிது. மகளிர் ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காக ஆடப்படுகிறது. அங்கே கால்பகுதியையே அலகாகக் கொள்ளலாம்.

தொடக்க ஐவரைவிட இரண்டு தருணங்களைக் கூர்ந்து பாருங்கள். முதலாவது, முதல் மாற்றமாக இறங்குபவர் யார் என்பது. இரண்டாவது, இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் களத்தில் இருப்பவர்கள் யார் என்பது. இடைவேளையில் பயிற்சியாளர் எடுத்த முடிவு அதில் தெரியும். தொடக்க ஐவராக மூத்த மாணவர்களை மரியாதைக்காக இறக்குவதும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

வேறுபாடு 25 புள்ளியைத் தாண்டிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்குக் கீழே நிகழ்ந்தவை தனிக் கணக்கு. இந்த ஒரு கோடு போடாததால்தான் கடைசி எட்டு நிமிடத்தில் சோர்ந்துபோன எதிரணி மாற்று வீரர்களுக்கு எதிராகப் புள்ளி குவித்தவரை எழுச்சி நாயகன் என்று எழுதிவிடுகிறார்கள்.

4. இரண்டாம் பார்வை: ஒரே வீரர், பந்து இல்லாத நேரம்

வேலையின் பெரும்பகுதி இதுதான். மதிப்பிட விரும்பும் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, குறிப்பில் போட்ட அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள நிமிடங்களில் அவரை மட்டும் பாருங்கள். ஒரு பார்வைக்கு ஒருவர் என்பது கட்டாயம். இருவரைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினால் கண் தானாகப் பந்தின் பின்னால் போய்விடும்.

ஏன் பந்து இல்லாத நேரம்? 22 நிமிடம் களத்தில் நிற்கும் வீரரின் கையில் பந்து இருப்பது அதில் சிறு பகுதியே. மேலும், பலவீனமான எதிரணி நம் வீரரின் ஷாட்டை எளிதாக்கலாம். ஆனால் தடுப்பில் அவர் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்ற பழக்கத்தை எதிரணி அவருக்குத் தந்துவிட முடியாது. அது அவருடையது, வலிய எதிரணி வரும்போதும் அவரோடு வரும்.

முதலாண்டு கார்டு (வளையத்துக்கு வெளியே நின்று பந்தைக் கையாளும் வீரர்) ஒருவரை எடுத்துக்கொள்வோம். பந்து களத்தின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. அவர் தடுக்க வேண்டிய ஆள் இந்தப் பக்க மூலையில் நிற்கிறான். பதிவை அங்கே நிறுத்துங்கள். அவருடைய ஒரு கால் வளையத்துக்கு நேரான கோட்டருகே, உள்பகுதிக்குள் இருக்கிறதா, அல்லது தன் ஆளை ஒட்டியே நிற்கிறாரா? தலை திரும்பி ஆளை மட்டும் பார்க்கிறதா, அல்லது ஆளும் பந்தும் இரண்டுமே தெரியும்படி உடல் திறந்திருக்கிறதா? பதிவை ஓட விடுங்கள். பந்து வைத்திருப்பவன் வளையத்தை நோக்கிப் பாயும்போது அவர் ஓர் அடி உள்ளே வந்து வழியை மறிக்கிறாரா, பந்து மூலைக்குப் பறந்ததும் சிறு அடிகளாகக் குறுக்கி, கை உயர்த்தி, எறிபவன் முன் நிலைகொள்கிறாரா, அல்லது வேகமாகப் பாய்ந்துவந்து அவனைத் தாண்டியே போய்விடுகிறாரா? பள்ளியில் தன் உடல் திறனாலேயே தப்பித்த மாணவர் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பெரும்பாலும் பிடிபடுகிறார். இப்படி ஆறேழு சூழல்களை நிறுத்திப் பார்த்துவிட்டால், பாக்ஸ் ஸ்கோர் ஒருபோதும் சொல்லாத செய்தி உங்கள் கையில் இருக்கும்.

உயரமான வீரருக்குப் பார்க்க வேண்டியவை வேறு. பிக் அண்ட் ரோலை (சக வீரர் தடுப்பாளரை மறித்து நின்றுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் உத்தி) தடுக்கும்போது பின்வாங்கி நிற்கிறாரா, பந்து வைத்திருப்பவரை நோக்கி வெளியே வருகிறாரா, அதை உரக்கச் சொல்லித் தன் கார்டை எச்சரிக்கிறாரா என்று கவனியுங்கள். ஷாட் எறியப்பட்டதும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவரும், உடனே தன் ஆளைப் பின்புறத்தால் தள்ளி இடம் பிடிப்பவரும் ஒன்றல்ல. குள்ளமான எதிரணிக்கு எதிராக இருவருக்குமே ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்து) கிடைக்கும். தன்னைவிடப் பெரிய ஆள் வரும்போது முன்னவருக்குக் கிடைக்காது.

தாக்குதலில் முடிவெடுக்கும் வேகத்தைக் கவனியுங்கள். பந்து கைக்கு வந்ததும் எறிவதா, பாஸ் செய்வதா, பந்தைத் தரையில் தட்டியபடி (டிரிபிள்) உள்ளே போவதா என்று உடனே தெளிகிறாரா, அல்லது பந்தைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறாரா? அவர் தேர்ந்தெடுத்த ஷாட் விழாவிட்டாலும் தேர்வு நல்லதாக இருக்கலாம். தேர்வையும் விளைவையும் இரண்டு தனிக் கட்டங்களில் எழுதுங்கள். ஒரே கட்டத்தில் எழுதினால் விளைவு தேர்வை விழுங்கிவிடும்.

டர்னோவரையும் இப்படியே பிரிக்க வேண்டும். சக வீரர் வெட்டி ஓடுவார் என்று நினைத்து எறிந்த பந்து வெளியே போனால், அது ஒருவரையொருவர் அறியாத புது அணியின் பிழை. டிசம்பருக்குள் பெரும்பாலும் சரியாகும். நெருக்கித் தடுக்கும் ஆளுக்கு முன் பந்தைக் கையாள முடியாமல் பறிகொடுத்தால், அது திறன் பற்றிய செய்தி. இரண்டாம் டிவிஷன் கார்டு பறித்ததை முதல் டிவிஷன் கார்டு இன்னும் எளிதாகப் பறிப்பார்.

5. இப்போது எண்களைத் திறக்கலாம்

எந்த எண்ணை நம்பலாம் என்பதற்கு ஒரு படிநிலை உண்டு. ஆடிய நிமிடங்களும், ஷாட் எங்கிருந்து எறியப்பட்டது என்பதும், எத்தனை முறை ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனார் என்பதும் ஓர் ஆட்டத்திலேயே ஏதோ ஒன்றைச் சொல்லும். ரீபவுண்ட், அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்த பாஸ்), ஃபவுல் (விதிமீறல்) ஆகியவை எதிரணியைப் பொறுத்துப் பொருள் மாறும். மூன்று புள்ளி ஷாட் விழுக்காடு ஏறத்தாழ ஒன்றுமே சொல்லாது.

கடைசியாகச் சொன்னதைப் பலர் ஏற்க மறுக்கிறார்கள். ஆகவே கணக்கைக் காட்டுகிறேன். முதல் டிவிஷன் ஆடவர் சராசரி ஏறக்குறைய 34 விழுக்காடு. அப்படிப்பட்ட சராசரி எறியாளர் ஐந்து முறை எறிந்தால், மூன்றோ அதற்கு மேலோ விழ வாய்ப்பு சுமார் 22 விழுக்காடு. ஒன்றுகூட விழாமல் போக வாய்ப்பு சுமார் 12.5 விழுக்காடு. அதாவது எந்தத் தனித்திறனும் இல்லாமலே ஐந்தில் ஓர் ஆட்டத்தில் அவர் அபாரமாகத் தோன்றுவார், எட்டில் ஓர் ஆட்டத்தில் பயனற்றவராகத் தோன்றுவார். முழு அணிக்கும் இது பொருந்தும்: 2023 நவம்பர் 6 அன்று, டென்னசியிடம் ஒரே புள்ளியில் தோற்ற எட்டு நாளில், மிச்சிகன் ஸ்டேட் தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில் 20 மூன்று புள்ளி ஷாட்களில் ஒன்றை மட்டுமே போட்டு ஜேம்ஸ் மேடிசனிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. அதே அணி அந்தப் பருவத்தில் என்சிஏஏ போட்டிக்கும் போய் ஓர் ஆட்டத்தை வென்றது.

விழுந்த ஷாட் எத்தனை என்பதைவிட எறிந்த ஷாட் எத்தனை, அவற்றில் தடுப்பாளர் அருகில் இல்லாதவை எத்தனை என்று எண்ணுங்கள். எறியத் தயங்காத வீரரை எதிரணி வெளியே வந்து தடுத்தாக வேண்டும். அந்த இழுவிசையே அவருடைய அணிக்கு உள்பகுதியில் இடம் திறக்கிறது.

பாக்ஸ் ஸ்கோரின் ஒரு வரியை எப்படிப் பிரிப்பது என்று ஒரு கற்பனை வரியைக் கொண்டு பார்ப்போம். ஒருவர் 22 நிமிடத்தில் 19 புள்ளி: பத்து ஷாட்டில் ஆறு விழுந்தன, அந்தப் பத்தில் மூன்று புள்ளி ஷாட்கள் ஐந்து, அவற்றில் விழுந்தவை மூன்று, ஃப்ரீ த்ரோ நான்குக்கு நான்கு. மூன்று புள்ளி ஷாட்டை ஒன்றரை மடங்காக எண்ணும் பயனுறு ஷாட் விழுக்காடு இங்கே 75. பார்க்கக் கண் கூசும் எண்.

இப்போது உங்கள் குறிப்பைப் பாருங்கள். மூன்று லே-அப்களும் (வளையத்தின் அருகே ஓடிச்சென்று போடும் ஷாட்) 25 புள்ளி வேறுபாட்டுக் கோட்டுக்குக் கீழே, எதிரணி பந்தைத் தவறவிட்டபின் ஆளில்லாக் களத்தில் ஓடிப் போட்டவை என்றால் அவற்றை நீக்குங்கள். ஏழு ஷாட்டில் மூன்று மிஞ்சும், விழுக்காடு 64 ஆகும். அடுத்து, ஐந்து மூன்று புள்ளி ஷாட்களைச் சராசரி எறியாளரின் 34 விழுக்காட்டில் வைத்தால் 1.7 விழுந்திருக்கும், பயனுறு விழுக்காடு ஏறத்தாழ 36க்கு இறங்கும். இரண்டு முறை உள்ளே பாய்ந்து எறிந்தவையும் விழவில்லை என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. ஆனால் நான்கு ஃப்ரீ த்ரோக்கள் அப்படியே நிற்கின்றன: முன்னிலை பெரிதாகும் முன்பே, அமைந்து நின்ற தடுப்புக்கு எதிராக இரண்டு முறை ஃபவுல் வாங்கியிருக்கிறார். அந்த 19 புள்ளியில் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும் பகுதி இந்த நான்குதான்.

ஃபவுல்களைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. ஐந்து ஃபவுலில் வீரர் வெளியேற வேண்டும் என்ற விதி இருந்தும், கணக்கில் சேராத ஆட்டம் என்பதால் நான்கு ஃபவுல் வாங்கியவரைக்கூடப் பயிற்சியாளர் களத்திலேயே விடுவதுண்டு. நடுவர்களும் அந்த ஆண்டு வலியுறுத்தப்படும் விதிகளை முன்பருவத்தில் கண்டிப்பாக ஊதுவார்கள். எண்ணிக்கையை விட்டு, ஃபவுல் கையால் வந்ததா, காலால் வந்ததா என்று பாருங்கள். கால் நகராமல் கையை நீட்டிப் பிடிப்பவருக்கு அதே ஃபவுல் ஜனவரியிலும் வரும்.

6. வீரரின் நிலைக்கேற்பக் கேள்வியை மாற்றுங்கள்

முதலாண்டு மாணவரிடம் கேட்க வேண்டியது, அவர் எவ்வளவு விரைவாகத் திருத்திக்கொள்கிறார் என்பது. முதல் பாதியில் ஒரு ஸ்கிரீனில் (தடுப்பாளரின் வழியை மறித்து நிற்பது) மாட்டிக்கொண்டவர் இரண்டாம் பாதியில் அதே ஸ்கிரீனை எப்படிக் கடக்கிறார் என்று தேடிப் பாருங்கள்.

மாறி வந்தவரிடம் கேட்க வேண்டியது, புதிய பங்கை ஏற்கிறாரா என்பது. சிறிய கல்லூரியில் எல்லா ஷாட்டையும் தானே எறிந்தவர் இங்கே மூன்றாம் ஆளாக இருக்க வேண்டியிருக்கலாம். அவருடைய புள்ளி குறைந்திருப்பது சரிவல்ல. ஆடிய நிமிடத்தில் எத்தனை ஷாட் எறிந்தார் என்பதைச் சென்ற பருவத்தோடு ஒப்பிட்டால், குறைந்தது பங்கா, திறனா என்று தெரியும்.

தொடரும் வீரரிடம் ஒரே ஒரு புதுமையைத் தேடினால் போதும்: இடக்கையால் முடிக்கிறாரா, கோட்டுக்கு வெளியே எறியத் தொடங்கியிருக்கிறாரா. ஏற்கெனவே நிரூபித்ததை அவர் இங்கே மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

காயத்திலிருந்து திரும்புபவரின் நிமிடங்களை மருத்துவர்கள் முன்கூட்டியே வரையறுத்திருக்கலாம். அவர் 12 நிமிடம் ஆடினார் என்பதைப் பயிற்சியாளரின் அவநம்பிக்கையாகப் படிக்காதீர்கள். குதித்து இறங்கும்போது இரு காலிலும் எடையைச் சமமாக வைக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

7. குறிப்பை எழுதும் முறை

ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் உறுதியின் அளவை எழுதுங்கள்: உறுதி, ஓரளவு, ஐயம் என்ற மூன்றே போதும். எது உறுதியாகத் தெரியும், எது ஊகம் என்று இப்போது பிரிக்காவிட்டால், மூன்று வாரம் கழித்துப் படிக்கும்போது இரண்டும் ஒரே குரலில் பேசும்.

கூற்று சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். “தன்னம்பிக்கையோடு ஆடினார்” என்பதை எவராலும் சரிபார்க்க முடியாது. “பக்கவாட்டு பிக் அண்ட் ரோலில் தன் ஆளைத் தொடர்ந்து இழக்கிறார், பந்தைக் கையாளத் தெரிந்த கார்டு எதிரில் வந்தால் இது பெரிதாகும்” என்பதை முதல் நல்ல எதிரணி வந்த நாளிலேயே சரிபார்க்கலாம்.

மற்றொரு வீரரோடு ஒப்பிடுவதைத் தவிர்க்குமாறு சொல்வேன். ஒரு நல்ல மாலையை வைத்து ஒரு மாணவரை என்பிஏ நட்சத்திரத்தோடு ஒப்பிடும் வரி, படிப்பவர் மனத்தில் மற்ற எல்லாக் குறிப்பையும் அழித்துவிடும். இவர்களில் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் என்பதையும் கடுமையான சொல் எழுதும் முன் நினைக்க வேண்டும்.

8. பருவம் தொடங்கியபின் திருத்துவது

முதல் நான்கைந்து அதிகாரபூர்வ ஆட்டங்கள் முடிந்ததும் குறிப்பைத் திறந்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே நிலைத்ததா, மாறியதா என்று எழுதுங்கள். நவம்பர் இறுதியில் நன்றி நவிலும் வாரத்தை ஒட்டி நடுநிலை அரங்குகளில் பல தொடர்கள் நடக்கும். அங்கே சில நாள்களுக்குள் இரண்டு மூன்று வெவ்வேறு பாணி அணிகளைச் சந்திக்க வேண்டியிருப்பதால், திருத்துவதற்கு அதைவிட நல்ல தருணம் இல்லை.

முதலில் நிமிடங்களைப் பாருங்கள். காட்சி ஆட்டத்தில் 24 நிமிடம் ஆடியவர் நெருக்கமான ஆட்டத்தில் 9 நிமிடமாகச் சுருங்கியிருந்தால், நீங்கள் நிறுத்திப் பார்க்கத் தவறிய ஏதோ ஒன்றைப் பயிற்சியாளர் கண்டிருக்கிறார். பழைய பதிவுக்குத் திரும்பி, அவருடைய தடுப்பை மறுபடி பாருங்கள். எந்த வகைக் கூற்றுகள் தொடர்ந்து பிழையாகின்றன என்பதையும் எண்ணுங்கள். ஷாட் பற்றியவை பெரும்பாலும் பிழையாகி, தடுப்பு நிலை பற்றியவை நிலைத்திருந்தால், அடுத்த அக்டோபரில் நேரத்தை எங்கே செலவிடுவது என்பதற்கு அந்தப் பட்டியலே போதும். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் முழுவீச்சில் நடக்கும் ஜனவரிக்குப் பிறகு காட்சி ஆட்டக் குறிப்பைச் சான்றாகக் காட்டாதீர்கள். அப்போது இருபதை நெருங்கும் உண்மையான ஆட்டங்கள் உங்கள் முன் இருக்கும்.